டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

மாப்ள,

இன்று ஆயுத பூஜை. காலையிலேயே பம்புசெட்டுக் கொட்டகையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, வாழைக்கன்று இரண்டைக் கட்டிவிட்டேன். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தேன். மண்வெட்டிக்கு ஒரு பொட்டு, கடப்பாரைக்கு ஒன்று, மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வயர்கள். என் விரலில் ஈரச் சந்தனம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் திருவெள்ளறையில் இல்லை. ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவில், உன் ஸ்டுடியோவுக்குள் நிற்கிறேன்.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரி, “என்னங்க, பொட்டு வைக்கவும் முகூர்த்தம் பாக்கறீங்களா? பொரி நமுத்துப் போகுது” என்றாள்.

பெட்டிக் கதவைச் சாத்தி, மேலே ஒரு பொட்டை வைத்துவிட்டு வந்தேன். பொரியும் சுண்டலும் தின்றாகிவிட்டது. இப்போது உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை கல்யாண ஆல்பம் பையில் மாப்பிள்ளை பெயரை எழுதச் சொன்னாய். எழுதியதைப் பார்த்துவிட்டு, “கோழி நடந்த மாதிரி இருக்கு மாப்ள. பரவாயில்லே, உயிரோட இருக்கிற கோழி” என்றாய். அதே கோழிதான் இப்போதும் நடக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நான் எதையும் நேராகச் சொன்னவன் இல்லை. “உன்கிட்ட மணி கேட்டா, கடிகாரம் வாங்கின கதையிலேருந்து ஆரம்பிப்பே” என்று நீயே சொல்வாய். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

நம் பழக்கம் ஒரு வாழையிலைக் கட்டில் ஆரம்பித்தது. மண்ணச்சநல்லூரில் ஒரு கல்யாண மண்டபம். நான் பந்திக்கு இலை இறக்க வந்தவன். நீ போட்டோ எடுக்க வந்தவன். உனக்கு லைட் பிடிக்கிறவர் காய்ச்சல் என்று வரவில்லை. ஐயர் கெட்டிமேளம் சொல்லப் போகிறார். நீ சுற்றுமுற்றும் பார்த்தாய். இலைக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த என்னைப் பார்த்து, “அண்ணே, கொஞ்சம் இதைப் பிடிங்க, ஒரு நிமிஷம்” என்றாய். அந்த ஒரு நிமிஷம் பத்தொன்பது வருஷம் ஓடியது. அண்ணன் மாப்ளயாகி, வாங்க போங்க போய் வா போ வந்து, உன் வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளரும் வந்துவிட்டது.

லைட் பிடிக்கிறவனுக்கு மண்டபத்தில் பெயர் கிடையாது. “லைட்டு, தள்ளிக்கோப்பா, மறைக்குது” என்பார்கள். கடைசிப் பந்தியில் சாப்பாடு, பாயசம் தீர்ந்திருக்கும். ஆனால் லைட் பிடிக்கிறவன் பார்க்கிற கல்யாணத்தை வேறு யாரும் பார்ப்பதில்லை. தாலி ஏறுகிற நேரத்தில் பெண்ணைப் பெற்றவர் எந்தத் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்துகிறார் என்பது எனக்குத் தெரியும். நான் கண்ணைக் காட்டுவேன், நீ கேமராவைத் திருப்புவாய். அப்படிக் கிடைத்த படங்களைத்தான் ஜனங்கள் ஆல்பத்தில் தடவித் தடவிப் பார்த்தார்கள். சரி, இதைச் சொல்ல வரவில்லை.

கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எனக்கு அது டிவிப் பெட்டியின் பங்காளி மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். ஒரு நாள் நீ அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் தூசி ஊதிக்கொண்டிருந்தாய். எட்டிப் பார்த்தேன். ஒரே வயர்.

“இதுல உசுரு எங்க இருக்கு மாப்ள?” என்று கேட்டேன்.

நீ சிரிக்கவில்லை. கைப்புத்தகம் அளவில் இருந்த ஓர் இரும்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினாய். “இது ஹார்டு டிஸ்க். இன்னொண்ணு சின்னதா இருக்கு பாரு, அதுல சி டிரைவ். கம்ப்யூட்டர் ஓடறது அதுல. ஆனா உசுரு இதுலதான். இது டி டிரைவ். நம்ம எடுத்த கல்யாணம் அத்தனையும் இதுக்குள்ள இருக்கு. சி செத்துதுன்னா புதுசா போட்டுக்கலாம். டி நம்ம நெல்லுப் பத்தாயம்.”

அதைக் கேட்டதிலிருந்து அந்தப் பெட்டி மேல் எனக்கு ஒரு மரியாதை. கடைக்குள் நுழையும்போது மாட்டியிருக்கிற சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அந்தப் பெட்டி இருக்கிற பக்கமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். உனக்கு இது தெரியாது.

அப்புறம் ஏழு வருஷத்துக்கு முந்தின அந்த ஆயுத பூஜை வந்தது. ஆவணியில் எங்கள் தெரு மலர் கல்யாணத்தை எடுத்துக் கொடுத்திருந்தாய். மலரின் அப்பா எங்கள் ஊரில் பெரிய தலை. அவர் சொன்னால் நாலு வீடு கேட்கும். “நம்ம ஆளுங்கண்ணே, நல்லா எடுப்பாருங்க” என்று நான்தான் உன்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மாப்பிள்ளைக்குக் கனடாவில் வேலை. தாலி கட்டிய பத்தாம் நாள் அவர் பிளேன் ஏறிவிட்டார். மலர் பின்னால் போவதற்கு விசா மனு போட வேண்டும். மனுவோடு கல்யாணப் படங்களையும் வைக்க வேண்டும், தாலி கட்டுகிற படம் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார்.

போனில் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கெட்டிமேளம் என்றதும் அத்தனை பேரும் அட்சதையோடு எழுந்துவிட்டார்கள். அவர்கள் போனில் இருந்ததெல்லாம் கையும் முதுகும்தான். முகம் தெரிகிற மாதிரி எடுத்தது நீ ஒருவன். அந்தப் படங்கள் இருந்ததும் உன் டி டிரைவில் மட்டும். கேமராக் கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்திருந்தாய். இன்னொரு நகல் எடுத்து வைக்கிற வெளி டிஸ்க் நிறைந்துபோய் மாதம் ஒன்றாகியிருந்தது. ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவதை நல்ல நாளில் ஆரம்பிக்க வேண்டும், மனுவுக்கான படத்தையும் அன்றைக்கே வாங்கிக்கொள்கிறோம் என்று விஜயதசமிக்காகக் காத்திருந்தார்கள் அந்த வீட்டுக்காரர்கள்.

பூஜைக்கு முந்தின வாரம் நீ இன்னொரு வேலையும் செய்தாய். புது கேமராவின் படங்களைத் தனியாக வைக்க வேண்டும் என்று அந்தப் பெரிய டிஸ்க்கில் ஒரு ஓரத்தைப் பிரித்தாய். “டி-க்குத் தம்பி பொறந்திருக்கான் மாப்ள, பேரு ஈ” என்றாய். எனக்குப் பாகப் பிரிவினை என்றாலே பயம். “பிரிக்கறப்ப பாத்துப் பிரி” என்றேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு நீயும் நானும் மட்டும்தான் கடையில். கேமரா, லென்ஸ், லைட், லைட்டுக்கு விரிக்கிற குடை எல்லாவற்றையும் துடைத்து மேஜையில் அடுக்கினோம். தூசி ஊதுவதற்காகக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தாய். பிறகு பூசணிக்காயில் குங்குமம் தடவ நீ வாசலுக்குப் போய்விட்டாய். பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. கேமராவுக்கு வைத்தேன். ஸ்கிரீனுக்கு வைத்தேன். மௌஸுக்குக்கூட வைத்தேன். அப்புறம் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தேன். வெளியில் தகட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு, உசுரு இருக்கிற இடத்தை விட்டுவிட்டால் என்ன பூஜை என்று தோன்றியது. கையை உள்ளே விட்டு, அந்த இரும்புப் பெட்டிக்கு, வயர் போய்ச் சேருகிற முகத்தில், மூன்று விரலால் தாராளமாகச் சந்தனம் வைத்தேன். பன்னீர் கொஞ்சம் கூடுதலாக விட்டுக் கரைத்த சந்தனம். அதன் மேல் குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டேன். நீ வந்து தகட்டை மூடினாய். பூசணிக்காய் உடைத்தோம். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

மறுநாள் காலையில் மலரும் அவள் அப்பாவும் முதல் பஸ்ஸிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீ கற்பூரம் காட்டி, கம்ப்யூட்டரைப் போட்டாய். சி இருந்தது. டி இல்லை. போன வாரம் பிறந்த ஈயும் இல்லை.

அணைத்துப் போட்டாய். இல்லை. டிஸ்க்குகளின் கணக்கைக் காட்டுகிற இன்னொரு பக்கத்தைத் திறந்தாய். சின்ன டிஸ்க் நீலமாகத் தெரிந்தது. பெரிய டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை. இங்கிலீஷில் ஒரு கேள்வியும் வந்தது.

“என்னப்பா கேக்குது அது?” என்றார் மலரின் அப்பா.

“புது டிஸ்க்குன்னு நினைச்சுக்கிட்டு, தயார் பண்ணட்டுமான்னு கேக்குதுங்கய்யா. பண்ணக்கூடாது.” நீ கேன்சலை அமுக்கினாய்.

“அப்ப படம்?”

“எடுத்துடலாங்க. போன வாரம் டிஸ்க்கைப் பிரிச்சேன். அதுல ஏதோ எல்லை தப்பிப் போச்சுன்னு நினைக்கிறேன். படம் எங்கேயும் போயிருக்காது.”

“நினைக்கிறியா? வெள்ளிக்கிழமை பேப்பர் கொடுத்தாகணும். தாலி கட்டின படமே காணோம்னு சம்பந்தி வீட்டுல நான் எந்த வாயால சொல்றது? அபசகுனமா பேசமாட்டாங்களா?” என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. “கேமரா தூக்கத் தெரிஞ்சா போதுமா? பொறுப்பு வேணாம்? உன்னை நம்பி மண்டபத்துல நாங்க எழுந்து நின்னுட்டோம் பாரு, எங்களைச் சொல்லணும்.”

மலரைப் பார்த்தேன். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, “சித்தப்பா, கெடைச்சிடுமில்ல?” என்றாள். “கெடைச்சிடும்டா” என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியாது.

சாயங்காலம் வரச் சொல்லி அவர்களைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினாய். டிஸ்க்கைக் கழற்றினாய். அன்றைக்குக் கடையில் பொட்டு இல்லாத பொருளே கிடையாது. அதனால் டிஸ்க் மேல் இருந்த பொட்டு உன் கண்ணிலும் உறைக்கவில்லை, என் கண்ணிலும் உறைக்கவில்லை. அவசரத்தில் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தோம். திருச்சி சிங்காரத்தோப்பில் நீ வழக்கமாகப் போகிற கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனோம். லீவு முடிந்து அங்கே கூட்டம். அந்த மனிதர் பாவம், நாலு பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டு, டிஸ்க்கை வாங்கிச் சொருகினார். ஸ்கிரீனையே பார்த்தார்.

“பார்ட்டிஷனே போயிடுச்சு சார். எது எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு பட்டியல் இருக்கும்ல, அது காணோம். ஃபார்மட் பண்ணிட்டு, அப்புறம் சாஃப்ட்வேர் போட்டுத் தேடலாம். வர்றது வரும். கேரண்டி கிடையாது.”

எனக்கு ஃபார்மட் என்ற சொல் தெரியும். நீ கார்டை அழிக்கும்போது சொல்வாய். எனக்குப் பொறுக்கவில்லை. “உழுதுட்டு வரப்பைத் தேடற மாதிரில்ல இருக்கு” என்றேன்.

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். “அண்ணன் யாரு?”

“நம்மாளுதான்” என்றாய் நீ. டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாய்.

வெளியே வந்து கரும்புச்சாறு குடிக்கும்போது, “அது என்ன வரப்பு?” என்று கேட்டாய். எனக்கு அது போதாதா? அப்பா காலத்தில் ஏரி உடைந்து வரப்பெல்லாம் அடித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். பக்கத்து வயல்காரர் ஈரம் காய்வதற்குள் ஏரைப் பூட்டி உழுதுவிட்டார். அவர் பக்கத்தில் வரப்பின் அடிமண் எங்கே இருந்தது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியவில்லை. எங்கள் அப்பா ஏரைத் தொடவில்லை. தண்ணீர் வற்றியதும் இறங்கி, முட்டிபோட்டு, கையால் தடவிப் பார்த்தார். பழைய வரப்பு இருந்த இடம் மட்டும் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. வயல் எங்கேயும் போகவில்லை.

“இதையேதான் நானும் சொல்றேன். எதுவும் எழுதக்கூடாது, அதுக்குள்ள இருக்கு” என்றாய். உன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஆனாலும் பஸ்ஸில் ஏறியதும் மறுபடி இருட்டிவிட்டது. “நான் பிரிச்சதுலதான் தப்பு மாப்ள. அவசரப்பட்டுட்டேன். அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாக்க முடியலே” என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாய்.

உன்னைத் தேற்ற வேறு வழி தெரியாமல் ஒன்று சொன்னேன். இன்றைக்கு வரை நினைத்து நினைத்துப் பார்க்கிற சொல் அதுதான். “நீயும் அந்த ஆளும் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எங்க அப்பா வயல்ல இறங்கிப் பாத்தாரு. அந்தப் பெட்டியையே ஒரு தடவை நல்லா பாரேன்.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. நல்ல வெயில். நீ துண்டைப் பிரித்து டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பினாய். வயர் சொருகுகிற பள்ளம் உன் பக்கம் வந்தது. அந்தக் குறுகலான பள்ளத்துக்குள், பல்லிடுக்கில் சோறு ஒட்டின மாதிரி, மஞ்சளாகக் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. நீ நகத்தால் ஒரு துளி சுரண்டினாய். மூக்கருகில் கொண்டுபோனாய்.

அது நான் வைத்த சந்தனம்.

நீ என் பக்கம் திரும்பவில்லை. துண்டை மறுபடி பதவிசாகச் சுற்றினாய். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, “காவிரியில தண்ணி நல்லா போகுது மாப்ள” என்றாய்.

“ஆமா” என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். அம்மா மண்டபம் வந்தது, ராஜகோபுரம் வந்தது, இறங்கினோம்.

கடையில் நீ லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டை எடுத்தாய். பல் விளக்குகிற புதுப் பிரஷ் ஒன்றைப் பெட்டிக்கடையில் வாங்கி வரச் சொன்னாய். வாங்கி வந்தேன். பள்ளத்துக்குள் ஒவ்வொரு தகடாகத் தேய்த்தாய். பஞ்சு மஞ்சளாக வந்தது, அப்புறம் ரோஸாக வந்தது, குங்குமம். அப்புறம் வெள்ளையாகவே வந்தது. காய வைத்தாய். பழைய வயரைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது வயர் மாட்டினாய். அந்த நேரத்தில் மலரும் அவள் அப்பாவும் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். நீ பட்டனை அமுக்கினாய்.

சி வந்தது. டி வந்தது. ஈயும் வந்தது.

நீ மலரின் பெயர் போட்ட ஃபோல்டரைத் திறந்தாய். தாலி கட்டுகிற படம் ஸ்கிரீன் முழுக்க வந்து நின்றது. மாப்பிள்ளையின் கை, மலரின் குனிந்த முகம், மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் நீட்டிய விரல். என் லைட் சரியாக விழுந்திருந்தது. மலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் அழுதுகொண்டே, “அண்ணா, இதுல என் மூக்குத்தி கோணலா இருக்கு” என்றாள். நாம் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“என்னதான் ஆச்சு? காலையில இல்லாதது இப்ப எப்படி வந்துச்சு?”

இங்கேதான் மாப்ள. இந்த இடத்தில்தான்.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அந்த மனிதர் எங்கள் தெரு. நாளைக்குக் காலையில் வாய்க்கால் தண்ணீர் திருப்பும்போது அவர் முகத்தில் விழிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளே சந்தனம் பூசின கதை நாளைக்கே டீக்கடைக்கு வந்துவிடும். சாகிறவரை எனக்கு அதுதான் பெயர். இதையெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் யோசித்தேன்.

நீ அந்த ஒரு மூச்சுக்குக்கூட யோசிக்கவில்லை. “என் கவனக்குறைவுதாங்க. பிரிச்சப்ப வயரைச் சரியா மாட்டாம விட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க” என்றாய்.

“வேலை தெரியாதவன்கிட்ட கொடுத்தா இதான். இனிமே எங்க ஊர்ல உனக்கு ஒரு விசேஷமும் கிடையாது. சொல்லிட்டேன்.”

“சரிங்கய்யா” என்றாய்.

சொன்ன மாதிரியே செய்தார். எங்கள் ஊர்க் கல்யாணங்கள் உனக்கு நின்றுபோயின. அதைப் பற்றி நீ என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. மலர் வெள்ளிக்கிழமை மனுவைக் கொடுத்தாள், தையில் கனடா போனாள். எனக்கு அந்த நிம்மதி ஒன்று.

என் பெண் கல்யாணத்தை நீதான் எடுத்தாய். அன்றைக்கு நான் லைட் பிடிக்கவில்லை, பெண்ணைப் பெற்றவனாக வாசலில் நின்றேன். மலரின் அப்பா வந்தார். நீ கேமராவை இறக்கிவிட்டு, “வணக்கங்கய்யா” என்றாய். அவர் உன்னைத் தாண்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். என் வீட்டு வாசலில், என் முன்னால் நடந்தது அது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். தாம்பாளத்தோடு பேசாமல் நின்றேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கடைக்கு வரவே கால் கூசியது. வந்தேன். நீ எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாய். “நீயே வை மாப்ள” என்றாய். வாசல் பக்கம் இரண்டடி நடந்து, திரும்பிப் பார்க்காமலே, “வெளியில மட்டும்” என்றாய்.

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் வேறு எது? நீ கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனாய். நான் உள்ளே வரவில்லை. “சரி” என்று சொல்லி, ஸ்கிரீன் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன். அதையும் சேர்த்து ஆறு ஆயுத பூஜை போனது. ஒவ்வொரு வருஷமும் கிண்ணத்தைக் கொடுத்தாய். ஒவ்வொரு வருஷமும் நான் வெளியில் மட்டும் வைத்தேன்.

பங்குனியில் உனக்கு நெஞ்சுவலி என்று உன் வீட்டிலிருந்து போன் வந்தபோது நான் களை பறித்துக்கொண்டிருந்தேன். சேற்றுக்காலோடு வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை மலரின் அப்பாவைப் பார்க்கப் போனேன். இப்போது அவருக்கு முழங்கால் முடியவில்லை. வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் பேத்தி ஆடுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாப்பா, பாரு, கனடாவுல பனியில எப்படி உருளுதுன்னு” என்று காட்டினார். பார்த்தேன். பிறகு சொன்னேன்.

“அண்ணே, ஒரு விஷயம். மலர் கல்யாண போட்டோ அன்னைக்குக் காணாம போச்சுல்ல, அது போட்டோக்காரர் தப்பு இல்லைங்க. என் தப்பு.”

“எந்த போட்டோ? அதான் வந்துடுச்சே.”

“வந்துச்சுங்க. அன்னைக்கு அவரை நீங்க...”

“நான் என்ன பண்ணினேன்?”

“திட்டினீங்க. இனிமே இந்த ஊர்ல விசேஷம் கிடையாதுன்னீங்க.”

அவர் போனை மடியில் வைத்தார். “நானா? அப்படியா சொன்னேன்?” என்றார். நிஜமாகவே நினைவில்லை மாப்ள. ஏழு வருஷம் நான் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன், சொன்னவர் அந்தக் கணமே கீழே போட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து வந்துவிடலாமா என்று பார்த்தேன். மறந்துபோனவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஆனால் உட்கார்ந்தேன். “நினைவில்லேன்னா முதல்லேருந்து சொல்றேன், கேளுங்கண்ணே” என்றேன். சொன்னேன். டிஸ்க்கைச் சொன்னேன், சந்தனத்தைச் சொன்னேன், எவ்வளவு பன்னீர் விட்டேன் என்பதைக்கூடச் சொன்னேன். சிங்காரத்தோப்பு, கரும்புச்சாறு, வரப்பு, பாலம், பிரஷ். நீ “என் கவனக்குறைவுதாங்க” என்றதைச் சொன்னேன். என் பெண் கல்யாணத்தில் நீ வணக்கம் வைத்ததையும் சொன்னேன். அவர் மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனதை எடுத்துப்போனாள், மறுபடி சூடாகக் கொண்டுவந்தாள். சந்தனம் வைத்த இடத்தில் அவர் சிரித்தார். நான் சிரிக்கட்டும் என்று விட்டேன். வணக்கம் வைத்த இடத்தில் சிரிப்பு நின்றது.

காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், “அப்ப அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்லைங்கறே” என்றார்.

“இல்லைங்கண்ணே. ஒண்ணும் இல்லை.”

“இப்ப எங்க இருக்கான்?”

சொன்னேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். முகத்தைத் துடைக்கவில்லை, வெறுமனே அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். “சரி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை, “சரிப்பா” என்றார்.

நான் உன்னிடம் சொல்லாத சொல் என்னோடுதான் இருக்கும். அதை இறக்கி வைக்க இடமில்லை, எனக்கும் ஆசையில்லை. ஆனால் அந்த ‘சரி’ எனக்குச் சேர வேண்டியது இல்லை மாப்ள. அது உன்னுடையது. உன்னிடம் சேர்க்கத்தான் எழுதினேன்.